காய்ச்சல் மெஷின் பொய் சொல்கிறதா? புகாரை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் மருந்துக் கடை கௌண்டரில் நிற்பவனுக்கு, காய்ச்சல் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்ற புகார் பழகிப்போன ஒன்று. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கடைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பாலர் பள்ளிக்கு ஒன்று என்று வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர்கள் இன்று பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. பிள்ளைக்கு உடம்பு சுடும் ராத்திரியில்தான் அதன் ஞாபகம் வரும். மறுநாள் காலையில் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, இது கெட்டுப்போச்சா பாருங்க" என்பார்கள். அப்படி வருபவற்றில் உண்மையிலேயே கெட்டுப்போனவை கொஞ்சம்தான். பிடித்த விதம், பிடித்த இடம், அமுக்கிய பட்டன், இவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவி உடம்புக்குள் இருக்கும் சூட்டை அளப்பதில்லை. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கித் தோலின் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. பிறகு, "இதே ஆளுக்கு நாக்கடியில் வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்" என்று ஒரு கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. நல்ல உடம்பிலும் நெற்றித் தோல் 33 முதல் 35 டிகிரி வரைதான் இருக்கும். திரையில் 36.5 வருகிறதே, நடுவில் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் கணக்குதான். தோலின் சூட்டை எது மாற்றினாலும் கணக்கும் சேர்ந்து மாறும். இதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் புகார் எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

"தொட்டா நெருப்பா சுடுது, மெஷின் 36.2-ங்குது"

அதிகம் வரும் புகார் இது. ஆபத்தானதும் இதுதான். "மெஷினே சொல்லிருச்சு" என்று பிள்ளையைத் தூங்க வைத்துவிடுவார்கள்.

முதலில் நெற்றியைப் பாருங்கள். ஈரத்துணி போட்டிருந்தீர்களா, ஜெல் பட்டை ஒட்டியிருந்தீர்களா? வியர்த்திருக்கிறதா? ஈரம் காயும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை என்றால் நெற்றியில் மூன்று விரல் விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம் இருக்கும். கருவிக்குத் தெரிவது அந்தப் பூச்சுதான், அடியில் இருக்கும் தோல் அல்ல. தலைவலிக்குப் போட்ட பற்றும் அப்படியே. கோடாலித் தைலம் தேய்த்த நெற்றியிலும் உடனே அளக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கால் மணி நேரம் சும்மா விடுங்கள். முன்னால் விழும் முடியை ஒதுக்கிவிட்டுப் பிறகு அளங்கள்.

அடுத்தது காற்றாடி. தகரக் கூரை வீட்டில் காய்ச்சல்காரரின் முகத்துக்கு நேரே மேசைக் காற்றாடி ஓடாமல் இருக்காது. அளப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே அதைத் திருப்பி வையுங்கள். ஏர்கான் நேராக முகத்தில் அடிக்கும் கிளினிக் நாற்காலிக்கும் இதே கதைதான்.

பிறகு கை, கால். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் ஏறும் நேரத்தில் உடம்பு சூட்டை உள்ளே பிடித்துவைக்கத் தோலுக்கு ஓடும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நடுக்கம் வரும், உள்ளங்கையும் பாதமும் சில்லென்று ஆகும், போர்வை கேட்பார்கள். உள்ளே 39-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது நெற்றியில் 36 சொச்சம் வருவது அந்த நேரத்தில்தான். குளிர் எடுக்கும் பிள்ளையின் நெற்றி எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அரை மணி நேரம் கழித்துக் கக்கத்தில் குச்சித் தெர்மாமீட்டர் வைக்கச் சொல்வேன்.

எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைவாகவே வந்தால் கருவியின் முனையில் உள்ள சின்னக் குழிக்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக மின்னும் வட்டம்தான் அதன் கண். சமையலறை அலமாரியில் கிடந்த கருவி என்றால் அதன் மேல் மங்கலாக எண்ணெய்ப் படலம் இருக்கும். பிள்ளைகள் விளையாடியது என்றால் விரல் ரேகையே தெரியும். அழுக்கு கதிரை மறைப்பதால் எண் இறங்கிவிடுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் 70 விழுக்காடு ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். துடைத்ததும் அளக்கக் கூடாது, ஆல்கஹால் காயும்போது கண்ணும் குளிர்ந்துவிடும். சில நிமிடம் பொறுங்கள். தண்ணீரில் கழுவவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். நெற்றி, காது, கக்கம், வாய் என்று வெளியிலிருந்து எடுக்கும் அளவுகளை உடம்பின் உள்வெப்பத்தோடு ஒப்பிட்ட 75 ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே காய்ச்சல் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 64 பேரைத்தான் இந்தக் கருவிகள் பிடித்தன. காய்ச்சல் இல்லாத 100 பேரில் 96 பேரைச் சரியாக "இல்லை" என்றன. நிழலில் ஆறி உட்கார்ந்தவருக்குக் கருவி "காய்ச்சல் இருக்கு" என்றால் நம்பலாம். "இல்லை" என்றால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். கௌண்டரில் நான் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான்.

"வெளியில 38, உள்ள வந்து உட்கார்ந்தா 36.7"

கருவி கெடவில்லை. மத்தியான வெயிலில் மோட்டாரில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் நெற்றி சூடாகத்தான் இருக்கும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவர், விறகடுப்புப் பக்கத்தில் நின்றவர், கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவர், எல்லாருக்கும் இதேதான். நிழலில் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை உட்கார வைத்து அளங்கள். கடை வாசலில் 37.5-க்கு மேல் காட்டியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் வெறும் வெயில்காரர்களோ!

ஆள் மட்டுமல்ல, கருவியும் ஆற வேண்டும். தன் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் அது எதிரில் உள்ளதன் சூட்டைச் சொல்கிறது. காரின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்ததை எடுத்தவுடனே அளந்தாலும், ஏர்கான் அறையிலிருந்து ஐந்தடிக்கு (கடை முன் நடைபாதைக்கு) எடுத்து வந்தவுடனே அளந்தாலும் எண் ஆடும். அளக்கப்போகும் இடத்தில் 10 முதல் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. 16 முதல் 40 டிகிரி வரை, காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழ், இதுவே அவர்கள் சொல்லும் சூழல். நம் ஊரில் விடிகாலைப் பனியில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும். பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) போகும் நேரத்தில் ஐந்தடியில் நின்று அளந்த எண்ணுக்கு நான் பெரிய மரியாதை கொடுக்க மாட்டேன். வீட்டுக்குள் வைத்து அளங்கள்.

"ஒரே ஆளு, மூணு தடவை, மூணு நம்பர்"

36.6, 36.8, 36.5 என்று வந்தால் புகாரே இல்லை. நல்ல கருவிக்கே ஆய்வுக்கூடத்தில் 0.3 டிகிரி ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. 36.1, 37.4, 36.6 என்று குதித்தால் தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் அட்டையில் தூரம் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 1 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஒரு முழம் தள்ளி நின்று குறிபார்த்தால் நெற்றியோடு முடி, புருவம், பின்னால் உள்ள சுவர் எல்லாம் சேர்ந்துதான் கணக்கில் வரும். புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றி நடுவில், நேராக, பீப் சத்தம் வரும்வரை ஆட்டாமல் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தாலும் எண் மாறும். அடுத்தடுத்து டக் டக் என்று அமுக்காமல் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்து, நடுவில் விழும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குதித்தால் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறமும் குதித்தால் கருவியை ஒதுக்கிவிடலாம். பெட்டியில் அச்சிட்ட துல்லியத்துக்கும் ஆள் நெற்றியில் கிடைக்கும் துல்லியத்துக்கும் தூரம் அதிகம். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் 6 வகை நெற்றிக் கருவிகளைச் சோதித்தார்கள். வகையைப் பொறுத்து 48 முதல் 88 விழுக்காடு அளவுகள், தயாரிப்பாளரே சொன்ன வரம்புக்கு வெளியே விழுந்தன.

"எங்க வீட்ல எல்லாருக்கும் 36.4தான்"

தாத்தா, பேரன், காய்ச்சலில் கிடக்கும் அம்மா, மூவருக்கும் ஒரே எண் என்றால் சந்தேகப்பட வேண்டும். மலிவான சில கருவிகளில் அந்தக் கணக்கு எந்தத் தோல் சூட்டையும் 36, 37 பக்கம் இழுத்துவிடும்படி எழுதப்பட்டிருக்கிறது. சோதிப்பது சுலபம். தொட்டால் சில்லென்று இருக்கும் சுவரில் கருவியைப் பிடித்துப் பாருங்கள். சுவருக்கும் 36.5 வந்தால் சந்தேகம் சரிதான். அதற்குச் சுவரும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். சுவரையும் நெற்றியையும் ஒரே எண்ணாகக் காட்டும் கருவி காய்ச்சல்காரரையும் நல்லவரையும் எப்படிப் பிரிக்கும்?

தூக்கிப் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள். பல கருவிகளில் செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் சில அமைப்புகள் வரும். அதில் ஒன்று, காட்டும் எண்ணைச் சில புள்ளிகள் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பிள்ளைகள் அமுக்கி விளையாடியதில் அது நகர்ந்திருந்தால் வீட்டுக்கே காய்ச்சல் வந்த மாதிரியோ யாருக்குமே வராத மாதிரியோ இருக்கும். அட்டையைப் பார்த்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

"33 காட்டுது", "98 காட்டுது", "லோன்னு வருது"

மூன்றும் பட்டன் சமாச்சாரம். 33, 34 வந்தால் கருவி பொருளின் மேற்பரப்பை அளக்கும் முறையில் இருக்கிறது. பால் புட்டி, குளிக்கும் தண்ணீர் இதற்கான முறை அது. தலை படம் உள்ள முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். 98 வந்தால் ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. அதில் 98.6 என்றால் நம் 37, 100.4 என்றால் 38, 102.2 என்றால் 39. "லோ" வந்தால் பேட்டரி குறைவு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் அதன் அர்த்தம், எதிரில் உள்ளது மனித உடம்பின் அளவுக்குச் சூடாக இல்லை என்பது. கிட்டப் பிடியுங்கள். பேட்டரி தீர்ந்தால் பேட்டரி படமே மின்னும்.

"மச்சான் வேலை செய்ற ஆலையிலிருந்து கொண்டுவந்தது, சிவப்பு லைட் அடிக்கும்"

அதை வைத்துவிடுங்கள். செம்பனை ஆலையில் பேரிங், மோட்டார், நீராவிக் குழாய் பார்க்கும் கருவி அது. பல நூறு டிகிரி வரை அளக்கும், ஒன்றரை இரண்டு டிகிரி பிசகினால் அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள். நமக்கு 37-க்கும் 38.5-க்கும் நடுவில்தான் எல்லாமே நடக்கிறது. போதாததற்கு அந்தச் சிவப்பு லேசர் பிள்ளையின் கண்ணில் படவும் கூடாது. காய்ச்சல் பார்க்கும் கருவியோ எந்தக் கதிரையும் தலைக்குள் செலுத்துவதில்லை, வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மூளைக்குக் கெடுதல் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி இன்றும் மணிக்கட்டை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டின் சூடு நெற்றியைவிடவும் எளிதில் மாறும். நெற்றிக்காக எழுதிய கணக்கு அங்கே பொருந்தாது.

"காதுல ஒரு நம்பர், நெத்தியில ஒரு நம்பர்"

இரண்டில் நான் காதையே நம்புவேன், சரியாக வைத்திருந்தால். செவிப்பறைக்கு வரும் ரத்தம் கழுத்துத் தமனியின் கிளைகளிலிருந்து வருவது, உள்வெப்பத்துக்கு நெருக்கமானது. ஆனால் காதுத் துவாரம் வளைந்திருக்கும். நேராகச் செருகினால் கருவி பார்ப்பது துவாரத்தின் சுவரை, எண்ணும் குறைந்துவிடும். ஒரு வயதுக்கு மேல் என்றால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே நேராகப் பின்னால் மட்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் துவாரம் சிறியது, காதுக் கருவியே வேண்டாம்.

குறும்பி அடைத்திருந்தால் எண் இறங்கும். படுத்திருந்த பக்கத்துக் காது சூடாக இருக்கும், எழுந்து சில நிமிடம் கழித்து அளங்கள். இடது வலது இரண்டுக்கும் சிறு வித்தியாசம் இருப்பது சகஜம், எப்போதும் ஒரே காதில் எடுத்தால் போதும். பிளாஸ்டிக் உறை போட்டு அளக்கும் வகையென்றால் உறை இல்லாமல் அளக்கக் கூடாது. பழைய உறையைத் துடைத்துத் திரும்பப் போடுவதும் கணக்கைக் கெடுக்கும். "ஒரு உறைக்கு எவ்வளவு காசு தெரியுமா" என்பார் அக்கா. தெரியும் அக்கா, இருந்தாலும் மாற்றுங்கள்.

"கக்கத்துல வச்சா எப்பவும் கம்மியாதான் வருது"

வரும். நாக்கடியைவிடக் கக்கம் ஏறக்குறைய அரை டிகிரி குறைவு. அதற்காகத் திரையில் வந்ததோடு 0.5 கூட்டி எழுதாதீர்கள், "கக்கத்தில் 37.6" என்றே எழுதுங்கள், கூட்டுவதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அளவு நம்பவே முடியாதபடி குறைவாக இருந்தால் முனை சட்டையில் பட்டிருக்கும், அல்லது பிள்ளை கையை விரித்திருக்கும். வியர்வையைத் துடைத்து, முனையைக் கக்கத்தின் நடுக்குழியில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பீப் அடித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால் சில குச்சிகளில் எண் இன்னும் ஒன்றிரண்டு புள்ளி ஏறும். அதை எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களும் சொன்னால் கேட்கும் வயதுப் பிள்ளைகளும் நாக்கடியில் வைக்கலாம். தே தாரிக்கோ ஐஸ் மைலோவோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கடி சரிவராது. பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள குச்சிதான், ஆனால் நெற்றிக் கருவியோடு சண்டை வரும்போது தீர்ப்பு சொல்ல வீட்டில் அது ஒன்று இருக்க வேண்டும்.

"காலையில ஒண்ணுமில்ல, சாயங்காலம் மட்டும் 37.3"

உடம்பே அப்படித்தான். விடிகாலையில் குறைந்து மாலையில் கூடும், அரை டிகிரி அளவுக்கு. 37 என்பது 1868-ல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் கொடுத்த சராசரி. 1992-ல் அமெரிக்காவில் மறுபடி அளந்தபோது 36.8 வந்தது. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும் நாளில் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். உங்கள் கருவியில் உங்கள் பாட்டியின் சாதாரண எண் 35.9 என்றால், 37.2 வரும் நாளில் விசாரிக்க வேண்டியதுதான். வயதானவர்களுக்குப் பெரிய தொற்று இருந்தும் காய்ச்சல் உயராமல் போவதுண்டு.

"காய்ச்சல் இறங்கிருச்சு, ஆனா ஆளு சரியில்ல"

இதற்குக் கருவியைத் திருத்த வேண்டாம், அது சொல்வது சரியாகவே இருக்கலாம். பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்த பிறகு சில மணி நேரம் எண் இறங்கியிருக்கும், அந்த நேரத்து 36.9-ஐ வைத்து நோய் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது டிங்கி (டெங்கு). டிங்கியில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள் வரை. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், எழுந்திருக்க முடியாத அசதி, காரணமில்லாத சிடுசிடுப்பு, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் திரையில் 36.5 வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டிங்கி சந்தேகம் உள்ளவருக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

தோட்டத்து வேலைக்காரர் என்றால் எலிக்காய்ச்சலும் உண்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் பிடித்து வலித்து, கண் சிவந்திருந்தால், "செம்பனைக் காட்டில் வேலை, கால் ஈரத்திலேயே இருக்கும்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 38 வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே கொண்டுபோங்கள்.

கிளினிக்குப் போகும்போது "நேத்து ராத்திரி நிறைய இருந்துச்சு டாக்டர்" என்றால் அவருக்குப் பயனில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் இப்படி எழுதிக் கொண்டுபோங்கள்: "செவ்வாய் இரவு 10 மணி, கக்கம், குச்சி, 38.7. 10.15-க்கு பனடோல். 12 மணி, கக்கம், 37.6. புதன் காலை 6 மணி, நெற்றி, 36.8, கை கால் சில்லென்று இருந்தது." எந்தக் கருவி, எந்த இடம், மருந்து கொடுத்த நேரம், இந்த மூன்றும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.